ஒல்லி உடம்புக்குள் இவ்வளவு பலமா?

1988, சியோல் ஒலிம்பிக். பளுதூக்கும் மேடை ஏறிய துருக்கி வீரர் நயீம் சுலைமானோலுவின் உயரம் 147 சென்டிமீட்டர், அதாவது நாலடி பத்து அங்குலம். போட்டியிட்டது 60 கிலோ எடைப் பிரிவில். எடையைத் தோளுக்கு ஏற்றி, பிறகு மேலே தள்ளும் கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் அவர் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தியது 190 கிலோ. தன் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! 'பாக்கெட் ஹெர்குலிஸ்' என்று உலகம் அவரைக் கொண்டாடியது.

நம் மணிப்பூரின் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் போட்டியிட்டவர். 2021 ஏப்ரலில் தாஷ்கண்ட் ஆசியப் போட்டியில் அதே முறையில் அவர் தூக்கிய 119 கிலோ அன்றைய உலக சாதனை. அடுத்த சில மாதங்களில் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார்.

இவர்கள் உச்சத்தைத் தொட்டவர்கள். ஆனால் சின்ன அளவில் இதே அதிசயம் ஊர் ஜிம்களிலும் நடக்கிறது. பனியன் தொளதொளவென்று தொங்கும் ஒரு பையன், புஜம் புடைத்த ஒருவர் திணறிய எடையை அலட்டிக்கொள்ளாமல் எடுத்து வைப்பான். 'காத்தடிச்சா பறந்துடுவான்னு நினைச்சோம், இவனா தூக்கினான்?' என்று சுற்றி நிற்பவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

இதில் மாயம் எதுவும் இல்லை. பலம் என்பது சதையின் பருமன் மட்டும் தருவதல்ல. நரம்பு, எலும்பின் அளவு, தசையின் தரம், பழக்கம் ஆகிய எல்லாம் சேர்ந்து தருவது. இவற்றில் சதை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. நாமும் அதை மட்டும் பார்த்து ஆளை எடை போட்டுவிடுகிறோம்.

எடைக்குத் தக்க பலம்

முதலில் ஓர் எளிய கணக்கு. ஒரு தசை எவ்வளவு விசையோடு இழுக்கும் என்பது அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. ஒரு சதுர சென்டிமீட்டர் தசை ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரும். உடம்பின் எடையோ கனஅளவைப் பொறுத்தது. ஓர் உடம்பு எல்லாத் திசையிலும் இரண்டு மடங்கானதாக வைத்துக்கொள்வோம். தசையின் பரப்பு நான்கு மடங்காகும். எடை எட்டு மடங்காகிவிடும். ஆக, உடம்பு பெருக்கப் பெருக்க மொத்தப் பலம் கூடினாலும், எடையோடு ஒப்பிட்டால் பலம் குறைந்துகொண்டே போகும். எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கு சுமப்பதற்கும் இந்தக் கணக்குதான் காரணம்.

ஜார்ஜியாவின் லாஷா தலகாட்சே 2021 இறுதியில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 267 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தார். ஆனால் அவர் 170 கிலோவுக்கு மேல் எடையுள்ள மலை மனிதர். தூக்கியது தன் எடையைப் போல ஒன்றரை மடங்குதான். மீராபாயின் கணக்கோ இரண்டு மடங்கைத் தாண்டுகிறது.

ஒல்லியானவர்கள் புல்-அப், தண்டால், கயிறு ஏறுதல் போன்றவற்றில் எளிதாக ஜெயிப்பதற்கும் இதுவே விளக்கம். அவர்கள் தூக்க வேண்டிய உடம்பு சிறியது. கொழுப்பு எடையைக் கூட்டுமே தவிர, இழுத்துக் கொடுக்காது.

ஆனால் பாரில் மாட்டிய 100 கிலோ எல்லோருக்கும் 100 கிலோதான். அதை ஓர் ஒல்லிப் பையன் பருத்தவரை முந்திக்கொண்டு தூக்கினால், வேறு காரணங்களும் இருக்க வேண்டும்.

நரம்பு இடும் கட்டளை

தசை தானாகச் சுருங்குவதில்லை. முதுகுத்தண்டிலிருந்து வரும் ஒவ்வோர் இயக்க நரம்பணுவும் தன் பொறுப்பில் ஒரு கூட்டம் தசை இழைகளை வைத்திருக்கிறது. நரம்பணுவும் அதன் இழைகளும் சேர்ந்தது ஒரு 'மோட்டார் யூனிட்'. மெல்லிய வேலைக்குச் சிறிய யூனிட்டுகள் மட்டும் விழிக்கும். சுமை கூடக்கூடத்தான் பெரியவை ஒன்றன்பின் ஒன்றாகக் களத்தில் இறங்கும். எல்வுட் ஹென்னமன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1960களில் விளக்கிய ஒழுங்கு இது.

பழகாத ஒருவர் முழுமூச்சோடு முயன்றாலும் பெரிய யூனிட்டுகள் எல்லாம் இறங்கிவிடுவதில்லை. இறங்கியவையும் தேவையான வேகத்தில் சுண்டுவதில்லை. தேர் இழுப்பதைப் போலத்தான்: வடத்தைப் பிடித்திருப்பவர்கள் ஆயிரம் பேராக இருந்தாலும், ஒரே நேரத்தில் இழுத்தால்தான் சக்கரம் நகரும். சிலருக்கு இந்த ஒத்திசைவு இயல்பிலேயே நன்றாக அமைந்திருக்கும். மற்றவர்களுக்குப் பயிற்சியால் வரும்.

எதிர்த்தசை என்றும் ஒன்று உண்டு. கையை மடக்கும்போது முன்புறத் தசை இழுக்க, பின்புறத் தசை தளர வேண்டும். புதியவர்களுக்கு இரண்டும் ஒருசேர இறுகும். வண்டியை ஓட்டும்போதே பிரேக்கையும் அழுத்துகிற கதை. பழகப் பழகப் பிடி தளரும். சதை கூடாமலேயே பலம் கூடும்.

பலத்தில் நரம்புக்குப் பங்கு உண்டு என்பதற்குச் சான்றுகள் பழையவை. 1894இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் குழுவினர் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியே பெறாத மறு கையிலும் பலம் கூடியிருந்தது. அந்தக் கையின் தசைக்கு வேலையே இல்லை. கற்றுக்கொண்டது நரம்பு மண்டலம். 1961இல் இக்காய், ஸ்டெயின்ஹவுஸ் என்ற இருவர் நடத்திய சோதனையில், துப்பாக்கி வெடித்த சத்தத்தைக் கேட்டபோதும், வாய்விட்டுக் கத்தியபோதும் ஆட்களின் பலம் கூடியது. தசை அதேதான், தடுத்து வைத்திருந்த கட்டுப்பாடு சற்று விலகியது, அவ்வளவே. மேடையில் வீரர்கள் ஏன் உறுமிவிட்டுப் பாரைப் பிடிக்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

இன்னொன்று இதைவிட வியப்பானது. 1990இல் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில், சராசரியாக 90 வயதானவர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார் மருத்துவர் மரியா ஃபியாடரோன். அவர்களுடைய காலின் பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. தொடைத் தசையின் அளவு கூடியதோ சுமார் 9 சதவீதம்தான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் பெரும்பங்கு நரம்பின் கைவண்ணம்.

கையின் நீளம், எலும்பின் கணக்கு

நம் கை கால்கள் எல்லாம் நெம்புகோல்கள். முழங்கையிலிருந்து ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் தள்ளி பைசெப்ஸ் தசை முன்கை எலும்பில் பற்றியிருக்கிறது. உள்ளங்கையில் பிடித்த எடையோ 32 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைப்போம். 10 கிலோவைத் தாங்க அந்தத் தசை 80 கிலோ விசையில் இழுக்க வேண்டும். அதே தசை, அதே நீளக் கை, ஆனால் பற்றுமிடம் மட்டும் 5 சென்டிமீட்டரில் இருந்தால்? அதே 80 கிலோ விசைக்குப் பன்னிரண்டரை கிலோ தாங்கும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் கால் பங்கு கூடுதல் பலத்தைக் கொடுத்துவிடுகிறது. இது பிறவியில் அமைவது, வெளியே தெரியாது, பயிற்சியால் மாறாது.

கை கால்களின் நீளமும் அப்படித்தான். கை நீளமாக இருந்தால், தரையில் இருக்கும் பாரை நிமிர்ந்து நிற்கும்வரை தூக்கும் டெட்லிஃப்ட் எளிது. அதிகம் குனிய வேண்டாம், பார் ஏற வேண்டிய தூரமும் குறைவு. அமெரிக்காவின் லமார் கான்ட் 1985இல் சுமார் 60 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு 300 கிலோ டெட்லிஃப்ட் செய்தார். தன் எடையைப் போல ஐந்து மடங்கு தூக்கிய முதல் மனிதர் அவர். அவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் 'ஸ்கோலியோசிஸ்' இருந்தது. நீண்ட கைகளும் குறுகிய உடற்பகுதியும் அவருக்குச் சாதகமாகிவிட்டன.

அதே நீளக் கை பெஞ்ச் பிரஸ்ஸில் காலை வாரிவிடும். நெஞ்சிலிருந்து பாரை அதிக தூரம் தள்ள வேண்டுமே! தொடை எலும்பு நீளமானவர்களுக்கு, எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் கடினம். குட்டைக் கால்காரர்களுக்கு அது விளையாட்டு. எனவே ஜிம்மில் ஒருவர் ஒரு பயிற்சியில் அசத்தி இன்னொன்றில் தடுமாறினால், முதலில் அவருடைய எலும்பின் அளவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாத் தசையும் ஒன்றல்ல

தசை இழைகளில் முக்கியமாக இரண்டு வகை. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைக்காமல் உழைப்பவை ஒரு வகை. வேகமாகச் சுருங்கிச் சட்டென்று பெரும் விசை கொடுத்து விரைவில் களைத்துவிடுபவை மற்றது. இரண்டும் எல்லோரிடமும் உண்டு, விகிதம்தான் ஆளுக்கு ஆள் மாறும். வேக இழை மிகுந்த ஒல்லி உடம்பு வெடித்தெழுவதுபோல எடையைக் கிளப்பும்.

பரம்பரைக்கும் இதில் கை உண்டு. வேக இழைகளில் மட்டும் இருக்கும் ஆல்ஃபா-ஆக்டினின்-3 என்ற புரதத்தை ஏசிடிஎன்3 என்ற மரபணு உருவாக்குகிறது. உலகில் 100 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு இந்தப் புரதம் அறவே உருவாவதில்லை. அவர்கள் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் உச்சநிலைக் குறுந்தூர ஓட்டக்காரர்களிடையே அப்படிப்பட்டவர்கள் மிக அரிது. அதற்காக ஒரு மரபணுவைப் பார்த்து யாருடைய தலைவிதியையும் எழுதிவிட முடியாது. பலத்துக்குப் பின்னால் இருக்கும் மரபணுக்கள் ஏராளம்.

தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் முக்கியம். அது விறைப்பாக இருந்தால் தசை உண்டாக்கும் விசை எலும்பைச் சட்டென்று எட்டும். பயிற்சி முறையும் உடம்பை வேறு வேறு திசையில் கொண்டுபோகிறது. பாடி பில்டர்கள் நடுத்தர எடையை 8 முதல் 12 முறை வரை, பல செட்டுகள் எடுத்துச் சதையைப் பெருக்குகிறார்கள். எடைப் பிரிவில் போட்டியிடுபவருக்கோ சதை கூடுவதே தலைவலி; பிரிவு மாற வேண்டியிருக்கும். அவர்கள் கனமான எடையை ஒன்று முதல் ஐந்து முறை எடுத்து, நன்றாக ஓய்ந்து, மறுபடி எடுப்பார்கள். சதை கொஞ்சமாகவும் பலம் நிறையவும் கூடுகிற வழி அது.

மற்றதெல்லாம் சமமாக இருந்தால் பெரிய தசைக்கே பலம் அதிகம். பளுதூக்கலில் எடைப் பிரிவுகள் வைத்திருப்பதே அதனால்தான். மற்றதெல்லாம் சமமாக இருப்பதில்லை என்பதால்தான் ஒல்லியானவர்கள் நம்மை அசத்துகிறார்கள்.

பழக்கம் கற்றுத்தரும் பலம்

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். ஸ்னாட்ச் முறையில் 149 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோ. ஒரே ஆள், ஒரே உடம்பு, ஒரே நாள்; ஆனால் 30 கிலோ வித்தியாசம். ஸ்னாட்ச்சில் ஒரே வீச்சில் தலைக்கு மேல் போக வேண்டும். மற்றதில் தோளில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். 'இவர் பலம் இத்தனை கிலோ' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. எந்த அசைவில் என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

தென் தமிழ்நாட்டு ஊர்களில் பொங்கலை ஒட்டித் தூக்கப்படும் இளவட்டக்கல் இதற்கு நல்ல பாடம். வழுவழுப்பான உருண்டைக் கல்; பிடிக்கக் காது கிடையாது. புதிதாக முயல்பவர் கையால் மட்டும் இழுத்துத் தோற்பார். பழகியவர் குத்துக்காலிட்டு அமர்ந்து கல்லை அணைத்துத் தொடைமேல் ஏற்றுவார். நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழுவார். பிறகு தோளுக்கு உருட்டிப் பின்னால் தள்ளுவார். கல் உடம்பை விட்டு விலகாதவரை முதுகுக்குப் பாரம் குறைவு. கையின் வேலையைக் காலுக்கும் இடுப்புக்கும் மாற்றிக் கொடுப்பதுதான் இதில் சூட்சுமம்.

நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவாரத்து நாம்சே சந்தைக்குச் சரக்கு சுமப்பவர்களை 2005இல் ஓர் ஆய்வுக் குழு எடை போட்டுப் பார்த்தது. ஒல்லியான ஆண்கள் சராசரியாகத் தங்கள் எடையில் 93 சதவீதம் சுமந்து மலை ஏறினார்கள். அதிகபட்சமாக ஒருவர் சுமந்தது 183 சதவீதம். நெற்றியில் பட்டை கட்டி, மெதுவாக நடந்து, அடிக்கடி நின்று இளைப்பாறிப் போவது அவர்கள் வழக்கம். நம் மார்க்கெட்டுகளில் மூட்டை தூக்கும் லோடுமேன்களின் பலமும் சிறுவயது முதல் வயல் வேலை பார்த்தவர்களின் பலமும் இந்த ரகம். மீராபாயும் சிறுமியாகக் காட்டிலிருந்து விறகுக் கட்டு சுமந்து வந்தவர்தான்.

ஒல்லியாக இருந்தாலே நலம் என்றில்லை

இதுவரை சொன்னதை வைத்து 'ஒல்லி என்றால் பலசாலி' என்று முடிவுகட்ட வேண்டாம். ஒல்லியான பலரிடம் தசையும் குறைவு, பலமும் குறைவு. இந்தியர்களுக்கு இதில் தனி ஆபத்து உண்டு.

புனே கேஇஎம் மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு என்கிற இந்த அமைப்பு நம் மக்களிடையே அதிகம். எடை சரியாக இருக்கும்போதே சர்க்கரை நோய் எட்டிப் பார்ப்பதற்கு இது ஒரு காரணம். இதனால்தான் ஆசியர்களுக்கு பிஎம்ஐ 23ஐத் தொட்டாலே கவனம் தேவை என்கிறார்கள்.

தராசு சொல்லாததைச் சில நேரம் கைப்பிடி சொல்லிவிடும். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரிடம் கைப்பிடி வலிமையை அளந்த 'ப்யூர்' ஆய்வு 2015இல் வெளியானது. பிடியின் வலிமை ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும் இறப்புக்கான வாய்ப்பு 16 சதவீதம் கூடியிருந்தது. பிடி தளர்வதே மரணத்துக்குக் காரணம் என்று இதற்குப் பொருளில்லை; உடம்பின் ஒட்டுமொத்த நிலையைப் பிடி காட்டிக்கொடுக்கிறது. ஆசிய வல்லுநர் குழுவின் 2019 வரையறைப்படி, ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் பலக்குறைவு.

கருவி இல்லாமல் வீட்டிலேயே செய்ய ஒரு சோதனை உண்டு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் பலம் குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

ஒல்லியானவர்கள் பலம் சேர்க்க

ஒல்லிப் பிள்ளையைக் கண்டால் 'சதை போடு' என்பதே நம் வீடுகளின் முதல் அறிவுரை. எண்ணெயும் இனிப்பும் சேர்த்து எடையைக் கூட்டினால் கூடுவது பெரும்பாலும் தொப்பைதான். அதற்குப் பதில் இவற்றைச் செய்யலாம்:

• வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஒல்லியானவர்கள் அடுத்தடுத்த நாள் வராமல் மூன்று நாள் செய்யலாம்.

• பல மூட்டுகள் சேர்ந்து உழைக்கும் பயிற்சிகள் போதும்: ஸ்குவாட், டெட்லிஃப்ட், தண்டால் அல்லது பெஞ்ச் பிரஸ், புல்-அப், தோளுக்கு மேல் தள்ளும் பயிற்சி.

• முதல் சில வாரங்கள் வெறும் பாரிலோ லேசான எடையிலோ அசைவைக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு கற்றுக்கொள்வதால் வருவது. தப்பாகக் கற்றால் தப்பே படிந்துவிடும்.

• முறை சரியானபின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கனமான செட்டுகளுக்கு இடையே இரண்டு, மூன்று நிமிட ஓய்வு அவசியம். தூக்கிய எடையை நோட்டில் எழுதி வையுங்கள். கண்ணாடியில் மாற்றம் தெரிவதற்கு முன்பே நோட்டில் தெரியும்.

• பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.6 கிராம் வரை பயன் தரும். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம் அளவுக்கு. சுண்டல், பயறு, பால், மீன், கோழி என மூன்று வேளைக்கும் பிரித்துக்கொண்டால் பவுடர் டப்பா இல்லாமலே சமாளிக்கலாம்.

• தசை வளர்வது ஓய்வில். ஏழு, எட்டு மணி நேரத் தூக்கத்தைக் குறைத்துவிட்டு ஜிம்மில் கூடுதல் நேரம் நிற்பதில் பயனில்லை.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள்

மூச்சை அடக்கிக்கொண்டு மிகக் கனமான எடையைத் தள்ளும் கணத்தில் ரத்த அழுத்தம் 300ஐத் தாண்டியது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அது சில விநாடியில் இறங்கிவிடும். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், விழித்திரை பாதிப்பு, குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கனமான எடையைத் தொடக் கூடாது. எல்லோருமே தூக்கும்போது மூச்சை விடுவதும் இறக்கும்போது இழுப்பதுமாகத் தொடங்குவது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

'மூணு மாசத்துல உடம்பு ஏறும்' என்று யாராவது ஊசியோ மாத்திரையோ நீட்டினால் தொடவே வேண்டாம். அவற்றில் இருக்கக்கூடிய ஸ்டீராய்டு இதயத்தையும் கல்லீரலையும் பாதிக்கும். விந்தணு உற்பத்தியை முடக்கும்.

கடைசியாக, ஒல்லியாக இருப்பதும் இளைத்துப்போவதும் வேறு வேறு. சிறுவயதிலிருந்தே ஒல்லி, நன்றாகச் சாப்பிடுகிறார், வேலையில் சோர்வில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. முயற்சி எதுவும் செய்யாமலே சில மாதங்களில் எடை இறங்கினாலோ, போன மாதம் தூக்கிய குடத்தை இந்த மாதம் தூக்க முடியாவிட்டாலோ, தீராத இருமல், மாலைக் காய்ச்சல், அதிக தாகம், படபடப்பு ஏதேனும் சேர்ந்திருந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய், தைராய்டு, காசநோய் ஆகியவற்றுக்கான சோதனைகள் அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கின்றன. இளைப்பதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை எந்த ஜிம்மும் எந்தச் சத்துமாவும் அந்த உடம்புக்குப் பலம் தராது.